ஒரு கட்டை சுருதியில் பைப், டேப், டின் வீணை: வீட்டிலேயே செய்ய அளவுகளோடு

20 அடி பிவிசி பைப் ஒன்று, தேய்ந்த ஹவாய் செருப்பு ஒரு ஜோடி, மாவுச் சல்லடை ஒன்று, 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு (மீன்பிடிக்கும் நைலான் இழை). ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ இருப்பவர்கள் இவற்றுக்காக ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. பைப் ஹார்ட்வேர் கடையிலும், சல்லடை பாத்திரக் கடையிலும் கிடைக்கும். டின்னுக்குக் காயலான் கடையோ பலகாரக் கடையோ போதும். தங்கூஸ் வாங்கக் காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. இவற்றை வைத்துச் சுருதி சேர்ந்த இரண்டு வாத்தியங்களும் தாளத்துக்கு ஒன்றும் செய்யலாம்.

சாமான் பழசாக இருக்கலாம், அளவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டில் செய்யும் வாத்தியங்களில் பல பொம்மையாக நின்றுவிடுவதற்குக் காரணம் மலிவான பொருள் இல்லை, கண்ணளவில் வெட்டுவதுதான். அதோடு, இணையத்தில் கிடைக்கும் பைப் அளவுகள் பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டவை. நம் ஊரில் விடியற்காலையிலேயே பல மாதம் அதைத் தாண்டிவிடும். 20 டிகிரியில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, 30 டிகிரியில் சுமார் 349 மீட்டர். அந்த வித்தியாசத்தால் அதே பைப் இங்கே அரைக்கட்டையில் (கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) மூன்றில் ஒரு பங்கு ஏறி ஒலிக்கும். பைப் தனியாக ஒலிக்கும்போது தெரியாது. பக்கத்தில் கீபோர்டோ ஹார்மோனியமோ வந்து உட்கார்ந்தால் உடனே காது கூசும். கீழே உள்ள அளவுகள் 30 டிகிரிக்குக் கணக்கிட்டவை.

செருப்படி பைப்

பைப்பின் வாயில் செருப்பால் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து சுரம் பிறக்கும். தட்டிய செருப்பு உடனே விலகினால் பைப் இரண்டு பக்கமும் திறந்ததாகிவிடும். அதன் கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும், கிடைத்ததிலிருந்து முனைத் திருத்தத்தைக் கழிக்க வேண்டும். அதிரும் காற்று பைப்பின் விளிம்போடு நிற்காமல் இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீளும். ஒரு பக்கத்துக்கு உள்விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. உள்விட்டம் 6 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 1.8, இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 செ.மீ. இதைக் கழிக்க மறந்தால் எல்லாப் பைப்பும் இறங்கி ஒலிக்கும். குட்டைப் பைப் நெட்டைப் பைப்பை விட அதிகமாக இறங்கும் என்பதால் ஒன்றுக்கொன்று சேரவே சேராது.

கடையில் "ரெண்டு இஞ்ச், 4 கிலோ பைப்" என்று கேளுங்கள். வெளிவிட்டம் 63 மி.மீ. இருக்க வேண்டும், உள்விட்டம் ஏறக்குறைய 60 இருக்கும். 6 கிலோ பைப்பும் வேலை செய்யும், கனம்தான் கூடுதல். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் மேல் சட்ஜமும் போதும். மோகனத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசுவதில்லை, அதனால் குழந்தைகள் எந்த வரிசையில் தட்டினாலும் கேட்க நன்றாக இருக்கும். ஒரு கட்டை சுருதிக்கான (கீபோர்டின் C) நீளங்கள்:

ச (130.8 ஹெர்ட்ஸ்): 130.0 செ.மீ.
ரி (146.8): 115.4 செ.மீ.
க (164.8): 102.4 செ.மீ.
ப (196.0): 85.6 செ.மீ.
த (220.0): 75.8 செ.மீ.
மேல் ச (261.6): 63.2 செ.மீ.

கூட்டினால் 572.4 செ.மீ. வரும். ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டினாலும் 6 மீட்டர் பைப் ஒன்றில் முடிந்துவிடும். 20 அடிப் பைப்பை ஆட்டோவில் ஏற்ற முடியாது. கடையிலேயே 10 அடியில் ஒரு வெட்டுப் போடச் சொல்லுங்கள். 10 அடித் துண்டில் ச, க, மேல் ச மூன்றும் அடங்கும். மற்றதில் ரி, ப, த அடங்கும். யோசிக்காமல் வேறு மாதிரிப் பிரித்தால் ஒரு சுரத்துக்குப் பைப் போதாமல் போகலாம், ஆகவே வெட்டும் முன் இந்தப் பிரிவைப் பைப்பின் மேலேயே எழுதிவிடுங்கள்.

நேராக வெட்ட ஒரு வழி: ஒரு தாளைப் பைப்பைச் சுற்றி, தாளின் விளிம்பு விளிம்போடு பொருந்தும்படி இழுத்துப் பிடித்து, அந்த விளிம்பை ஒட்டி மார்க்கர் கோடு போடுங்கள். ஆக்ஸா பிளேடால் ஒரே பக்கத்திலிருந்து அறுக்காமல், பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்றிலும் கோட்டைப் பிடித்து அறுக்க வேண்டும். பிறகு உப்புத்தாளைத் தரையில் விரித்து வாயை அதன் மேல் வைத்து வட்டமாகத் தேயுங்கள். வாய் சமமாக இல்லாவிட்டால் செருப்பு முழுதாக மூடாது. சுரத்துக்குப் பதில் காற்றுச் சத்தம்தான் வரும். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பைப்பைச் சிலர் தீயில் காட்டி வளைக்கிறார்கள். பிவிசி கருகினால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு வரும். இந்த வாத்தியத்துக்கு வளைவே தேவையில்லை.

செருப்பில் முன்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் பக்கம் தேய்ந்து சரிந்திருக்கும். அடிப்பக்கத்தில் உள்ள வரிகள் வழியாகக் காற்று கசியும், அதனால் பாதம் படும் வழவழப்பான மேல்பக்கத்தால்தான் தட்ட வேண்டும். வாரை அறுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு கைப்பிடித் துண்டை ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டு வலிக்காது. தட்டியதும் கை தானாக எழ வேண்டும். செருப்பு வாயிலேயே தங்கிவிட்டால் பைப் ஒரு பக்கம் மூடியதாகி, சுரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (மேல் ச-விலிருந்து கீழ் ச வரையான தூரம்) கீழே போகும். பழகிய பிறகு இதையே வித்தையாகப் பயன்படுத்தலாம்: ஒரே பைப்பில் தட்டி எடுத்தால் மேல் சத்தம், தட்டி அழுத்தினால் கீழ் சத்தம். ஆறு பைப்பில் பன்னிரண்டு சத்தம் கிடைக்கும்.

சுருதி பார்க்கப் போனில் ட்யூனர் ஆப் போதும். தட்டும் சத்தம் சட்டென்று அடங்குவதால் ஒரு தட்டுக்கு முள் நிற்காது. ஐந்தாறு முறை சீராகத் தட்டி, முள் அடிக்கடி போகும் இடத்தைப் பாருங்கள். கூடுதலாக விட்ட 1 செ.மீ. காரணமாக எல்லாம் கொஞ்சம் இறங்கித்தான் காட்டும். நீளமான ச பைப்பில் 1 செ.மீ. என்பது அரைக்கட்டையில் சுமார் எட்டில் ஒரு பங்கு. மேல் ச பைப்பில் அதே 1 செ.மீ. கால் பங்கு. ஆகவே குட்டைப் பைப்பில் கை அடக்கமாக இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு 1 மி.மீ. தேய்த்தால் போதும்.

தம்புராவை ஒலிக்கவிட்டு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் க, த இரண்டையும் வெட்ட அவசரப்படாதீர்கள். கீபோர்டின் காந்தாரமும் தைவதமும் தம்புராவோடு இழையும் காந்தார, தைவதங்களை விடச் சற்று ஏறியவை. தம்புராவுக்குச் சேர க பைப் 103.3, த பைப் 76.6 செ.மீ. இருக்க வேண்டும். விட்டுவைத்த கூடுதல் நீளம் கிட்டத்தட்ட அதேதான். எதோடு வாசிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு தேயுங்கள்.

அதிகம் வெட்டிவிட்டால் பைப்பைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை 4 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, தட்டாத முனையில் இறுக்கமாகச் சுற்றி, வேண்டிய அளவு வெளியே நீட்டி, டேப் போட்டு ஒட்டுங்கள். நீட்சியும் பைப்பாகவே கணக்காகும். வெயில் காலத்துக்கும் மார்கழிக்கும் நடுவே சுருதி மாற்ற வேண்டியிருந்தாலும் இதே வழிதான். ஒரு டிகிரி மாறினால் அரைக்கட்டையில் நூற்றில் மூன்று பங்கு நகரும். ஆறும் சேர்ந்தே நகர்வதால் தங்களுக்குள் பிசகாது.

நிறுத்தி வைக்க ஏணி மாதிரி ஒரு சட்டம் போதும். 5 அடி ரீப்பர் (நீள மரச்சட்டம்) இரண்டு, 2 அடி ரீப்பர் இரண்டு. முதல் குறுக்குச் சட்டத்தைத் தட்டும் வாயிலிருந்து 15 செ.மீ. கீழே அடியுங்கள். இரண்டாவது 45 செ.மீ. கீழே வர வேண்டும், அப்போதுதான் குட்டைப் பைப்பும் இரண்டிலும் உட்காரும். வாய்கள் எல்லாம் ஒரே வரிசையில், பைப்புக்குப் பைப் 3 செ.மீ. இடைவெளி விட்டு, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் 45 டிகிரி சாய்த்தால் வாய்கள் ஒரு மீட்டர் உயரத்தில், நின்று தட்ட வசதியாக வரும். கீழ் முனை தரைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பைப்பின் விட்டம் அளவாவது இடைவெளி இல்லையென்றால் சுரம் இறங்கிவிடும். ட்யூனரில் சரியாக இருந்த ச பைப் சட்டத்தில் ஏற்றியதும் பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சல்லடை டேப்

பறைக்குத் துண்டுகள் சேர்த்த மரச்சட்டமும் பச்சைத் தோலும் வேண்டும், நெருப்பில் காய்ச்சும் பக்குவமும் வேண்டும். அது தனிக் கலை. இங்கே சொல்வது கானாவுக்கும் வீட்டுப் பாட்டுக்கும் கையால் தட்டும் சின்ன வட்ட மேளமான டேப். 12 அங்குல எவர்சில்வர் மாவுச் சல்லடையின் வலையை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பில் நீட்டிய கம்பிகளை அரத்தால் மழுக்குங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மேல் 10 செ.மீ. பகுதியையும் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பார்சல் டேப் சரியாக ஒட்டாது, உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். இழுப்பில் முட்டை வடிவமாகவும் வளையும். சல்லடையே மேல்.

தோலுக்குப் பதில் 2 அங்குலப் பார்சல் டேப். 65 மீட்டர் ரோல் ஒன்று போதும். சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்த வளையத்தில், நடுவில் முதல் பட்டை, அதற்குக் குறுக்காக இரண்டாவது, பிறகு இரண்டு மூலைவிட்டங்கள் என்று எதிரெதிராக இழுத்து ஒட்டி ஆரம்பியுங்கள். ஒரு பக்கமே தொடர்ந்து ஒட்டினால் வளையம் கோணும். பட்டைக்குப் பட்டை பாதி மேலேறும்படி ஒரு திசையில் 13 பட்டை, குறுக்கே 13, மூலைவிட்டமாக 13, எதிர் மூலைவிட்டமாக 13. ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், முனைகளைச் சுவரில் இறக்கி உள்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். கடைசியில் சுவரைச் சுற்றி மூன்று சுற்று டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். இந்தச் சுற்று இல்லாவிட்டால் நாலு நாளில் பசை மெல்ல வழுக்கி முகம் தொய்ந்துவிடும். நகத்தால் சுண்டினால் கணீரென்று பேச வேண்டும். காகிதம் போல் "டப்" என்றால் இழுப்புப் போதவில்லை. அதன் மேல் ஒட்டிப் பயனில்லை, உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டுவதுதான் வழி. சத்தம் அதிகமாகக் கீச்சிட்டால் உள்பக்கம் நடுவில் 4 செ.மீ. சைக்கிள் ட்யூப் வட்டம் ஒன்றை ஒட்டுங்கள். எடை ஏறியதும் சத்தம் கீழே இறங்கும்.

தோல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரியமேட்டுக் கடைகளில் பைக்கும் செருப்புக்கும் விற்கும் தோல் பதனிட்டது. எவ்வளவு இழுத்தாலும் அது பேசாது. மயிர் நீக்கிய, பதனிடாத தோல்தான் வாத்தியத்துக்கு ஆகும். அதிலும் கடற்காற்று வீசும் சாயங்காலத்தில் ஈரம் குடித்துத் தொய்யும் என்பதால் காய்ச்சுவதற்கு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

டின் வீணை

15 கிலோ டின் சுமார் 9 அங்குலச் சதுரம், 14 அங்குல உயரம். மேல்மூடி முழுதாக வெட்டப்படாத, ஊற்றுவாய் மட்டும் திறந்த டின்னாகத் தேடுங்கள். சலவை சோடா கலந்த வெந்நீரில் இரண்டு முறை கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எதுவும் ஒட்டாது. கைப்பிடி வளையத்தைக் கழற்றிவிடுங்கள், பிறகு வரும் கிடுகிடுப்பில் பாதி அதனால்தான்.

தண்டிக்கு (நரம்பு ஓடும் நீளக் கட்டை) 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் தடிமன், 3 அடி நீளத்தில் கணு இல்லாத, நேர் வரி ஓடும் ரீப்பர். இரண்டு நரம்பும் சேர்ந்து சுமார் 11 கிலோ இழுக்கும். பார்சல் பெட்டிப் பலகை இந்த இழுப்பில் ஒரு மாதத்தில் வில்லாக வளையும்.

டின்னைப் படுக்க வைத்தால் பெரிய முகம் ஒன்று மேலே வரும். மேல்மூடியிலும் அடிமூடியிலும் அந்த முகத்தை ஒட்டி, மடிப்பு விளிம்புக்குச் சரியாகக் கீழே, 5.2 × 2.6 செ.மீ. ஓட்டை. ஆணியால் வரிசையாகக் குத்தி, தகரக் கத்தரியால் வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டுங்கள். தகர விளிம்பு பிளேடுக்குச் சமம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரீப்பர் இந்த இரண்டு ஓட்டை வழியாகப் போய் அடிப்பக்கம் 3 செ.மீ. வெளியே நீள வேண்டும். மடிப்பு விளிம்பின் புண்ணியத்தில் ரீப்பருக்கும் முகத்துக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி தானாக வரும். அந்த இடைவெளி அவசியம். மரம் முகத்தைத் தொட்டால் தகரம் அதிராது, சத்தம் செத்துவிடும்.

டின்னுக்கு வெளியே உள்ள தண்டியின் மேல் 8 மி.மீ. தடிமன் பட்டை ஒன்றை 37 செ.மீ. நீளத்துக்கு ஒட்டுங்கள். இது இல்லாமல் நரம்பு உயரத்தில் நின்று விரலுக்கு எட்டாது. பட்டைக்கு அப்பால் உள்ள தலைப்பகுதியை மேலிருந்து 1 செ.மீ. சீவி மெலிதாக்கி, பழைய கிட்டார் கீ இரண்டை நரம்பை முறுக்கும் பிருடையாக மாட்டுங்கள். சீவுவதால் கீ பொருந்தும், நரம்பும் சரிந்து இறங்கித் தலைக்கட்டையை (பட்டையின் தலைமுனையில் நரம்பைத் தாங்கும் துண்டு) நன்றாக அழுத்தும். தலைக்கட்டைக்கு மிஞ்சிய பிவிசித் துண்டு போதும், பட்டைக்கு மேல் 2.5 மி.மீ. உயரம் நிற்க வேண்டும். அங்கிருந்து குதிரை (டின் முகத்தின் மேல் நரம்பைத் தாங்கும் துண்டு) வரை சரியாக 60 செ.மீ. குதிரை 1 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், அடியில் மெல்லிய ப்ளைவுட் துண்டு ஒன்றைச் சேர்த்தே இந்த உயரம். துண்டு இல்லாவிட்டால் தகரம் குழிந்து நரம்பு நாளுக்கு நாள் இறங்கும். குதிரையை ஒட்ட வேண்டாம், நரம்பின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும்.

நரம்பு: பஞ்சமத்துக்கு 1.0 மி.மீ. தங்கூஸ், சட்ஜத்துக்கு 0.8 மி.மீ. இரண்டும் 60 செ.மீ. நீளத்தில் ஏறக்குறைய ஒரே இழுப்பில் நிற்கும். மெல்லியதை வாங்கினால் தொளதொளவென்று தண்டியில் அடிக்கும். இரும்புக் கம்பிக்குச் சத்தம் அதிகம் என்பது உண்மை, ஆனால் துறைமுகக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். தங்கூஸ் வழுக்கும் என்பதால் சாதா முடிச்சு அவிழும். தூண்டில் முள்ளுக்குப் போடும் முடிச்சைப் போட்டு, தண்டியின் அடிமுனையில் உள்ள திருகில் மாட்டுங்கள், டின்னில் மாட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நரம்பு நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நிற்காது. அது பழுது இல்லை, பொறுத்துத் திரும்பத் திரும்ப முறுக்குங்கள்.

மெட்டுகளையும் (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கட்டுகள்) 1 மி.மீ. தங்கூஸிலேயே தண்டியைச் சுற்றி இரண்டு சுற்றாகக் கட்டுங்கள். கட்டிய மெட்டை நகர்த்தலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. தலைக்கட்டையிலிருந்து ரி 6.5, க 12.4, ம 15.0, ப 20.0, த 24.3, நி 28.2, மேல் ச 30.0 செ.மீ. இவை சட்ஜ நரம்புக்குச் சொன்ன பெயர்கள்.

சுருதியை எப்போதும் பைப்பிலிருந்து எடுங்கள். வெயிலேறினால் பைப்பைச் சட்டென்று திருப்ப முடியாது, நரம்பைத் திருப்பலாம். ப பைப்பைத் தட்டித் தடித்த நரம்பையும், மேல் ச பைப்பைத் தட்டி மெல்லிய நரம்பையும் சேருங்கள். பிறகு தடித்த நரம்பை 15.0 மெட்டில் அழுத்தினால் மெல்லிய நரம்பின் திறந்த சத்தமே வர வேண்டும். வராவிட்டால் மெட்டை நகர்த்துங்கள். 30.0 மெட்டில் அழுத்தியது திறந்த நரம்பின் மேல் ஸ்தாயியை விட ஏறி ஒலித்தால், குதிரையை அடிப்பக்கம் 2, 3 மி.மீ. தள்ளுங்கள். அழுத்தும்போது நரம்பு இழுபடுவதை அந்தத் தள்ளல் ஈடுகட்டும்.

கிடுகிடுப்பு வந்தால் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். டின்னின் அடிமுகத்தை உள்ளங்கையால் அழுத்தும்போது நின்றால், உள்ளே அந்த முகத்தில் பழைய துணியோ ஸ்பாஞ்சோ ஒட்டுங்கள். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வந்தால் அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது, அதன் முடிச்சைப் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள். எல்லாச் சுரத்திலும் வந்தால் ஓட்டை விளிம்பு ரீப்பரை உரசுகிறது, சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை நடுவில் செருகுங்கள்.